பொதுச்சுவர்ப் பாதுகாப்பு உபகமிட்டி

வெளியூரில் வீடு வாங்குகிற தமிழனுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவன் பாஷை தெரியாமல் இருப்பது ஒன்று. தெரிந்திருப்பது இன்னொன்று. முதலாவதற்குப் பயந்து அருண்ராஜ் இரண்டாவதில் போய் விழுந்தான்.

அவன் தென்காசிக்காரன். வயது இருபத்தெட்டு. பூனாவை ஒட்டிய போசரியில் பற்சக்கரம் செய்கிற ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதகர் வேலை. தொண்ணூற்றேழாம் வருஷம், திகி சாலையில் பூனா தென்னகத்தார் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் இருபத்துநான்கு வரிசை வீடுகளில் பன்னிரண்டாம் எண் விலைக்கு வந்தது. "சுத்தி எல்லாம் நம்ம ஆளுக, தீபா. ஒரு ஆத்திர அவசரம்னா ஓடி வருவாவ" என்று மனைவியிடம் சொல்லி, இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்து வாங்கினான். ஓடி வருவார்கள் என்பது உண்மைதான். எதற்கு ஓடி வருவார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

ரயில்பெட்டிபோல ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சங்க விதிப்படி அதில் நாலரை அங்குலம் இந்தப் பக்கத்து உறுப்பினருக்கு, நாலரை அங்குலம் அந்தப் பக்கத்து உறுப்பினருக்கு. கூரை மட்டும் முழு ஒன்பதின் மேலும் உட்கார்ந்திருந்தது. அது விதிப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

பதினோராம் எண்ணில் சங்கத் தலைவர் கோவிந்தராஜன் இருந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து பூனாவுக்கு வந்து, தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிமூன்றாம் எண்ணில் கனகவல்லியம்மாள், இட்லி மாவு அரைத்து விற்பவர். நடுவில் அருண்ராஜ்.

தீபா தலைப்பிரசவத்துக்குத் தென்காசி போன மறுவாரம் தலைவர் வீட்டுப் பக்கமிருந்து உளிச் சத்தம் கேட்டது. அருண்ராஜ் போய்க் கதவைத் தட்டினான்.

"சார், சுவர்ல ஏதோ வேல நடக்குத மாதிரி இருக்கு."

"ஆமாம்ப்பா. என் சொவுத்துல."

"நம்ம சுவரு சார். பொதுச்சுவரு."

"உன் நாலரைய எவன் தொட்டான்? அது அப்டியே கீதா இல்லியான்னு உன் பக்கமாப் போய் நின்னு பாரு. சுண்ணாம்பு கூடப் போயிருக்காது."

தலைவருக்கு முப்பது வருஷப் பொதுவாழ்வில் இருநூற்றுப் பதினோரு பொன்னாடைகள் சேர்ந்திருந்தன. பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கிறது. "மனுசன் குட்த்த மரியாதைய பூச்சி துன்னலாமாப்பா?" என்று கேட்டார். ஆகவே தம் பங்கு நாலரை அங்குலத்தைக் குடைந்து, கண்ணாடிக் கதவு போட்ட 'மரியாதை அலமாரி' ஒன்றைச் சுவருக்குள்ளேயே அமைத்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு தட்டுதான் ஆகியிருந்தது.

பத்தே நாளில் அருண்ராஜின் பக்கத்தில், உத்தரத்திலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் இறங்கியது. அவன் செய்த முதல் காரியம் அதை அளந்ததுதான். அவனுக்குத் தெரிந்த தொழில் அது. தொழிற்கூடத்தில் ஒரு சாமானின் அளவு விலகியிருந்தால் அதை ஒரு தாளில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்புத் தாள் போட்டால் சாமான் குப்பைக்குப் போகும். மஞ்சள் தாள் போட்டால் அளவு விலகினாலும் பிழைத்துக்கொள்ளும். சொந்த வீட்டுக்குச் சிவப்புத் தாள் போட அவனுக்கு மனசு வரவில்லை. மஞ்சளை எடுத்து, 'விலகல்: 0.4 மி.மீ.' என்று எழுதிக் கையெழுத்திட்டான். அன்றிலிருந்து தினமும் ஒன்று.

புகாரைக் கேட்கச் சங்கத்தில் பொதுச்சுவர்ப் பாதுகாப்பு உபகமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் கோவிந்தராஜன். செயலாளர் ஜெபமணி, தளவாடத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். அருண்ராஜ் அவர் வீட்டுக்கு மனுவோடு போனான்.

"மனுவ வாங்கதுக்கு எனக்கு என்ன தம்பி ஆட்சேபண? நானும் ஒங்க ஊர்க்காரன்லா" என்றார் ஜெபமணி. "ஆனா மனுவ வாசிக்கணும்னா கூட்டம் கூடணும். கூட்டம் கூடுனா வெளக்கு ஏத்தணும். வெளக்கு ஏத்துனா தலைவருக்குச் சால்வ போடணும். போட வேண்டியது மனுதாரரு. அதான் மொற."

"அண்ணாச்சி, மனுவே அவரு மேலதான."

"அப்போ கொஞ்சம் நல்ல சால்வையாப் பாத்து வாங்கிருங்க."

கூட்டம் கூடியது. அருண்ராஜ் விளக்கேற்றி, தலைவருக்குச் சால்வை போர்த்தி, தலைவர் தன் சுவரை இடிக்கிறார் என்ற மனுவை வாசித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கோவிந்தராஜன் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"என் மேலயே ஒரு புகார் வந்துக்குது. நான் தலைவர் நாற்காலியில குந்திக்கினு அத விசாரிச்சா நல்லாருக்குமா? நாயம்னு ஒண்ணு கீது இல்ல? அதனால இப்பவே, உங்க எல்லார் முன்னாலயும், நான் அந்த நாற்காலிய விட்டு எறங்குறேன்." எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் நெகிழ்ந்துபோனது. "இப்ப நான் தலைவரா பேசல. ஒரு சாதாரண மெம்பரா பேசறேன். தலைவர் செஞ்சது கரெக்ட்."

தொழில்நுட்ப ஆலோசகர் அம்பி சுவரைப் பார்வையிட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. பார்வையிட வரும் ஆலோசகருக்கும் ஒரு சால்வை உண்டு. ஆலோசகர் அதைக் கையோடு தலைவருக்குப் போர்த்திவிடுவார், பெரியவர் இருக்க நாம் போடலாமா என்று. ஆக எந்தத் தோளில் ஏறினாலும் சால்வை கடைசியில் பதினோராம் எண்ணில்தான் இறங்கும்.

அம்பி போசரியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தான். சங்கத்தில் எல்லோரும் அவனை எஞ்சினியர் என்றார்கள், அவனும் மறுத்ததில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டான். இரண்டு தட்டுத் தட்டினான்.

"பயப்படாதீங்க பிரதர். இருபது வருஷமா மோட்டார் பாக்கறேன். சுத்தற சாமானையே நிறுத்தியிருக்கேன், நிக்கற சாமான் என்ன பண்ணிடும்?"

விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையிலும் சிமெண்டு பூசினான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் சுவர் ஸ்திரமாக இருக்கிறது. அது உலகம் ஒப்புக்கொண்ட முறைதான். மூன்றாம் நாள் கண்ணாடி உடைந்தது.

அருண்ராஜ் ஓடிப்போய் ஜெபமணியிடம் சொன்னான். ஜெபமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது சங்கத்துச் சொத்துல்லா தம்பி. எப்படி ஒடஞ்சுது?"

"சுவரு நகந்து ஒடஞ்சுது அண்ணாச்சி. அதுக்குத்தான ஒட்டுனாவ."

"வீட்டுல அந்த நேரம் யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான்."

"ம்" என்று எழுதிக்கொண்டார்.

கண்ணாடி உடைந்ததை விசாரிக்க ஒரு கூட்டம் கூடியது. அதற்கு ஒரு சால்வை. அருண்ராஜ் கண்ணாடி அருகே அடிக்கடி போய் நின்றிருக்கிறான் என்பது அவன் வாக்குமூலத்திலிருந்தே நிரூபணமாயிற்று. சின்ன வயதில் சுவரைக் கண்டு பயந்த அனுபவம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது அந்தப் பயம் உண்டா என்று கேட்டு அவற்றையும் குறிப்பில் ஏற்றினார்கள். இளைஞன், மனைவி ஊரில் இல்லை என்பதை உத்தேசித்து மன்னித்து விட்டார்கள். இனிமேல் கண்ணாடி வேண்டாம் என்று அம்பி யோசனை சொன்னான். சைக்கிள் டியூபை நறுக்கி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினான். ரப்பர் உடையவில்லை. விரிசல் அகல அகல அதுவும் இழுத்துக்கொடுத்து விசுவாசமாக ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஆறு வாரங்களாக உடைப்பு ஏதும் இல்லை. சுவர் ஸ்திரம்' என்று உபகமிட்டி அறிக்கை கொடுத்தது. அன்றைய மஞ்சள் தாளில் அருண்ராஜ் எழுதிய எண் 2.9.

விரிசல் கண்டு இரண்டு மாதம் கழித்துத்தான் ஒரு விஷயம் அவன் மண்டையில் உறைத்தது. ஒரு மனு வாசித்தால் ஒரு சால்வை, பார்வையிட்டால் இன்னொன்று. பழைய பொன்னாடைகளெல்லாம் அலமாரியில் ஏறி முடிந்திருந்தன; இனிப் புதிதாக ஐந்து சால்வை சேர்ந்தால் மரியாதை அலமாரியில் ஒரு தட்டு நிரம்பும். அடுத்த தட்டுக்கு இன்னொரு வரிசைச் செங்கல் போகும். இதுவரை அவனே பதினான்கு சால்வை போர்த்தியிருந்தான். வெளியில் மற்றவர்கள் தலைவரை மறந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சுவரை இப்போது தின்றுகொண்டிருந்தவை முழுக்க அவனுடைய மனுக்கள்தான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தீபாவிடம் இதைச் சொன்னான். பெண்குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அப்ப மனு குடுக்காதீங்க" என்றாள் அவள்.

"குடுக்காட்டா எனக்குச் சுவர்ல குறையே இல்லன்னு அர்த்தமாம். தலைவரு அப்பமே அடுத்த தட்ட ஆரம்பிச்சிருவாராம்."

"குடுத்தா?"

"குடுத்தா தட்டு தேவப்படும்."

மறுமுனையில் குழந்தை அழுதது. அந்த அழுகைக்கும் மீட்டர் ஓடியது.

"அப்பா ஒரே புடியா இருக்காவ" என்றாள் தீபா. "சுவரு நேராச்சுன்னு தெரிஞ்சாத்தான் பச்சப்பிள்ளைய அனுப்புவாவளாம். அஞ்சாம் மாசம் வரணும்லாங்க. அதுக்குள்ள நேராக்கிருங்க. பிள்ள மொகத்த நீங்க இன்னும் பாக்கவேயில்ல."

"நேராக்கிருதேன்" என்றான்.

மறுநாள் இன்னொரு பக்கத்துச் சுவரில் உளிச் சத்தம் கேட்டது. கனகவல்லியம்மாள் மாவு வைக்கிற பெரிய ஃப்ரிட்ஜின் முதுகைத் தம் பக்கத்துச் சுவருக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்களுமா?" என்று கேட்டான் அருண்ராஜ்.

"இன்னாப்பா நீ, தலைவரு இடிச்சா கலை, நான் இடிச்சா கலாட்டாவா? அவுரு சால்வ வெக்கிறாரு. சால்வைய துன்ன முடியுமா? நான் வெக்கிறது சோறு."

அந்தப் பக்கமும் ஒரு விரிசல் இறங்கியது. இரண்டு விரிசல்களுக்கும் தனித்தனியாக மஞ்சள் தாள் எழுத ஆரம்பித்தான். கட்டிலை ஹாலிலிருந்து சமையலறைக்கு மாற்றினான். குழந்தைக்கென்று பண்ட் கார்டன் பக்கம் வாங்கி வந்த மரத்தொட்டிலை மட்டும் ஹாலிலேயே போட்டு வைத்தான். தொட்டில் சமையலறைக் கதவில் நுழையவில்லை. வேலையிடத்தில் நல்ல பற்சக்கரங்களைக் கழித்துக்கட்டினான். எதைத் தொட்டாலும் விரிசல் தெரிந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றான்.

வருஷாந்தரப் பொதுக்கூட்டம் வந்தது. குழந்தைக்கு அப்போது நாலரை மாதம். அருண்ராஜ் தலைவர் பக்கத்து விரிசலின் மஞ்சள் தாள்களையெல்லாம் அடுக்கி, துளை போட்டு, நூல் கோத்து எடுத்துப் போனான். மொத்தம் நூற்றெழுபது. சங்கத்தார் இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். இத்தனை நாள் எண்களைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று நம்பினான்.

"0.4-ல ஆரம்பிச்சது, ஐயா. இன்னைக்கு 11.6. ஒரு நாள் விடாம அளந்திருக்கேன். எல்லாத்துலயும் தேதியும் என் கையெழுத்தும் இருக்கு" என்றான்.

கூட்டத்தில் முதல் தடவையாக ஒரு சலசலப்பு. ஐந்தாம் எண்காரர், "அவ்ளோவா?" என்று கேட்டேவிட்டார். கோவிந்தராஜன் அசையாமல் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி கட்டை வாங்கி, ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்த கை அது.

"தம்பி, இது மஞ்சத் தாளுலா?"

"ஆமா அண்ணாச்சி."

"செவப்புத் தாளு ஒங்க கம்பெனியில கெடையாதோ?"

"உண்டு."

"அது எதுக்கு?"

"சாமான ரிஜெக்ட் பண்ண."

"அப்போ மஞ்ச?"

அருண்ராஜுக்கு அப்போதுதான் காலடியில் தரை இறங்குவது தெரிந்தது.

"அளவு வெலகியிருக்கு... இருந்தாலும் உபயோகிச்சுக்கிடலாம்னு."

"கொஞ்சம் மைக்குப் பக்கமா வந்து சொல்லுங்க தம்பி. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல."

"உபயோகிச்சுக்கிடலாம்னு" என்றான் மைக்கில். கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

கோவிந்தராஜன் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நூத்தியெளுவது வாட்டி மால் பாஸ்னு கையெழுத்துப் போட்டுட்டு எங்கள நச்சரிச்சு கிட்கிட் பண்ணிக்கினு இருந்திருக்கியேப்பா. நாங்க படிக்காதவங்க. நீ இன்ஸ்பெக்டர். நீ பாஸ்ன்னா நாங்க ரிஜெக்ட்டுன்னு சொல்லலாமா? அப்பறம் உன் படிப்புக்கு இன்னா மரியாதை? பொதுவாழ்க்கைல நான் எதையும் கேட்டு வாங்கினவன் இல்ல. நீங்க சால்வ குட்த்தீங்க, வாங்கினேன். வாணாம்னு சொன்னா குட்த்தவங்க மனசு நோவும். வாங்கினத வெக்க எடம் வேணும். எடம் எங்க கீது? சொவுத்துல கீது. இதுல என் தப்பு இன்னான்னு யாராச்சும் சொல்லுங்க. சொன்னா இப்பவே ராஜினாமா பண்றேன்."

ஐந்தாம் எண்காரர் மிக்சரில் கடலை தேடிக்கொண்டிருந்தார். பரிசோதகரே ஏற்றுக்கொண்டபடியால் சுவர் நன்னிலையில் உள்ளது, மனு முடிக்கப்பட்டது என்று தீர்மானம் நிறைவேறியது.

அத்தோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. ஜெபமணிக்கு ஊர்ப்பாசம் அதிகம். மனைவி வராததுதான் இந்தப் பையனின் நோய்க்கெல்லாம் மூலம் என்று அவருக்குத் தோன்றியது. சங்கத்தின் முத்திரைத் தாளில், தென்காசிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினார். 'தங்கள் மருமகன் நூற்றெழுபது முறை நேரில் பரிசோதித்துத் திருப்தி தெரிவித்துள்ள மேற்படி சுவர்...' என்று தொடங்கியது அது. இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. அருண்ராஜின் மாமனார் தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவர். முத்திரையைக் கண்டால் எழுந்து நிற்கிற ரகம். அருண்ராஜ் பூத்துக்கு ஓடிப்போய்ப் பேசியபோது, "நீங்க சும்மா பயந்து சாவாதீங்க மாப்பிள்ள. ஆபீஸ்ல இருந்தே எழுதிட்டாவ. டிக்கெட்டு போட்டாச்சு" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீபாவும் குழந்தையும் மாமனாரும் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். சனிக்கிழமை மத்தியானம், அருண்ராஜ் வேலையில் இருந்தபோது, சுவர் விழுந்தது.

மூன்றரை மணிக்கு அவன் கதவைத் திறந்தான். ஹாலுக்கு அப்பால் இன்னொரு ஹால் தெரிந்தது. அதில் கோவிந்தராஜனும் அவர் மனைவி ஆனந்தவல்லியும் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் முழுக்க அவன் பக்கம்தான் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் குடைந்து குடைந்து விழ ஒன்றும் மிச்சமில்லை. தொட்டில் இருந்த இடத்தில் ஒரு கால் மட்டும் செங்கல் குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. மேலே கூரை தொப்பை போட்டுத் தொங்க, அம்பி நாலு கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வாப்பா" என்றார் தலைவர். "பாரு, உன் வூட்டுலேர்ந்து எவ்ளோ தூசி வருது."

ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம், இடிந்த இடத்திலேயே. ஒரே சமயத்தில் இருபத்துநான்கு பேர் உட்காரச் சங்கத்தில் அத்தனை பெரிய ஹால் அதுவரை இருந்ததில்லை. சால்வைகளை அன்று காலைதான் சலவைக்குப் போட்டிருந்தார்கள், கடவுள் காப்பாற்றினார். ஆனால் மூன்று நினைவுக் கேடயங்கள் உடைந்துபோயின. அவற்றுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். ரயில் அப்போது கடப்பையைத் தாண்டியிருக்கும்.

"நாளைக்கு எம் பொண்டாட்டி பிள்ள வாராவ" என்றான் அருண்ராஜ். "யார் மேலயும் குத்தம் சொல்லல. சுவர மட்டும் திரும்பக் கட்டித் தாங்க. இல்லன்னா நானே கட்டிக்கிடுதேன். அனுமதி குடுங்க, போதும்."

ஜெபமணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அதுலதான் ஒரு சிக்கல் தம்பி. வீடுன்னா என்னன்னு இதுல போட்டிருக்கு. 'நாற்புறமும் சுவர்களால் சூழப்பட்ட இடம்.' ஒங்களுதுல இப்போ மூணு சுவருதான் இருக்கு. அப்போ அது வீடு இல்ல."

"தலைவர் வீட்டுலயும் மூணுதான இருக்கு?"

"வாஸ்தவம். தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே வீடு இல்ல. சேத்துப் பாத்தா நாலு சுவரு வந்துருது. ஆக ரெண்டும் சேந்து ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினருதான். ரெண்டு பேரு இருந்தா மூத்தவரு இருப்பாரு. ஒங்க உறுப்பினர் பதவி மத்தியானம் ரெண்டு மணியோட, நீங்க வேலையில இருக்கயிலயே, காலாவதியாயிட்டு. நாங்க எதுவும் செய்யல தம்பி. தானா ஆயிட்டு."

"சரி, அண்ணாச்சி. சுவரக் கட்டிட்டா ரெண்டு வீடு ஆயிரும்லா?"

"கட்டலாம். பொதுச்சுவர் கட்ட ரெண்டு பக்கத்து உறுப்பினரும் ஒத்துக்கிடணும். இப்போ ரெண்டு பக்கமும் தலைவருதான்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"என்னைய நானே எதிர்த்துப் போறது பொதுவாழ்க்கையில நல்லாருக்காதுப்பா" என்றார்.

கூட்டம் கலையப்போகும் சமயம் அம்பி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். தலைவருடைய வீடு இப்போது கனகவல்லியம்மாளின் வீடு வரை வந்துவிட்டதால், ஃப்ரிட்ஜ் செருகிய அந்தச் சுவர் இனித் தலைவரின் பொதுச்சுவர் ஆகிறது. கோவிந்தராஜன் திடுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த விரிசலை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அய்யய்ய, இன்னாடா இது, விரல் போவுது" என்றார். "குடும்பம் குடித்தனம் இருக்கற எடத்துல இப்டிப் பண்ணலாமா? மனுசங்க உயிருக்கு ஒரு வெல இல்ல?"

அங்கேயே தீர்மானம் போடப்பட்டது. மனு, விளக்கு, சால்வை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கனகவல்லியம்மாள் ஃப்ரிட்ஜை உடனே உருவவேண்டும். ஆறு மணிக்குக் கொத்தனார் வந்தார். ரயில் குண்டக்கல்லை நெருங்கும் முன்னே அந்தச் சுவர் ஒன்பது அங்குலமும் நிரம்பி, பூச்சும் ஆகிவிட்டது. சங்க வரலாற்றில் உபகமிட்டி முடித்துக்கொடுத்த முதல் வேலை அது. அருண்ராஜ் கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தான். அவன் ஹாலில் விழுந்து கிடந்த செங்கல்தான், வீணாகப் போகவில்லை.

போகும்போது, ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் திருட்டுப் பயம் என்று பன்னிரண்டாம் எண் கதவைப் பூட்டிச் சாவியைத் தலைவரிடம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அருண்ராஜ் பூனா ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஆட்டோவில் கூட்டி வந்தான். குழந்தையை ஸ்டேஷனில்தான் முதல்முதலாகக் கையில் வாங்கினான். அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தான். விஸ்ராந்த்வாடி வந்தது, திகி வந்தது. தீபா குழந்தை எத்தனை தடவை சிரித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் நிறுத்தவில்லை, இவன் ஆரம்பிக்கவில்லை.

ஆட்டோ நின்றதும் தீபா பழக்கத்தில் பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்துக் காலெடுத்து வைத்தாள். அதற்குள் பதினோராம் எண் வாசலிலிருந்து ஆனந்தவல்லி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். பின்னால் கனகவல்லியம்மாள், ஜெபமணி, இன்னும் அரை சங்கம். ஆத்திர அவசரமில்லை, விசேஷம்.

"அங்க இல்லம்மா, இங்க. இப்டி வா. கெழக்கப் பாத்து நில்லு" என்று ஆனந்தவல்லி தாயையும் பிள்ளையையும் நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றினார். குழந்தையின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். மாமனார் முகம் மலர்ந்துபோயிற்று. முத்திரைக் கடிதம் எழுதியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்.

தீபா மெதுவாகக் கணவன் பக்கம் சாய்ந்தாள். "நம்ம கதவு ஏன் பூட்டியிருக்கு?" என்று காதோடு கேட்டாள்.

அருண்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் கோவிந்தராஜன் கையைக் கூப்பிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"வலது கால வெச்சு வாம்மா. எத்தினி நாள் தங்கறதுன்னாலும் தங்கு, கூச்சப்படாதே. உன் வூடு மாதிரி நெனச்சுக்கோ."

"சரிங்க மாமா" என்று தீபா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அருண்ராஜ் இரண்டு பெட்டிகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று யாராவது சொல்லட்டும் என வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.